இரண்டு கோடு, ஒரு புள்ளி

ஏசி மெக்கானிக் இறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பட்டறைச் சுவருக்குப் புது வெள்ளை அடித்து முடித்திருந்தார் முதலாளி. விசாரிக்க வருகிறவர்கள் சட்டையில் கரி ஒட்டிவிடக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம்.

"என் தம்பி மாதிரி இருந்தான்" என்றார் அவர், கைக்குட்டையை எடுத்துக்கொண்டே. கண்ணைத் துடைப்பார் என்று பார்த்தேன். கழுத்தைத் துடைத்தார்.

"தம்பிக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்தீங்களா?" என்றேன்.

"என்ன கண்ணாடி?"

"கேஸ் வேலை செய்யறப்ப கண்ணுக்குப் போடறது."

"ஆர்டர் போட்டிருக்கேன்."

"எப்போ? போன வாரமா?"

"ஸ்டெப்னி, வாயை மூடு" என்றார் சர்வேயரம்மா.

ஸ்டெப்னி என்பது நான்தான். அவசரத்துக்கு மட்டும் வெளியே எடுக்க வேண்டும், மற்ற நேரம் டிக்கியில் கிடக்க வேண்டும் என்பது அந்தப் பெயருக்கு சர்வேயரம்மா தரும் விளக்கம். அவர் இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸில் நொறுங்கின வண்டிகளைப் பார்த்து, எது விபத்து எது நாடகம் என்று எழுதினவர். வேலையை விட்ட பிறகு அதையே தனியாகச் செய்கிறார். நான் வண்டி ஓட்டுகிறேன், பை தூக்குகிறேன், வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

எங்களைக் கூப்பிட்டது இறந்தவருடைய மனைவி. அவளும் அன்று வந்திருந்தாள், புருஷனுடைய பொருள்களை எடுத்துக்கொண்டு போக. ஒரு ஜோடி செருப்பு, ஒரு சட்டை, ஒரு சாப்பாட்டு டப்பா. மூன்றையும் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு தொழிற்சாலை ஆய்வாளர் அவர் ஆபீஸ்ல அறிக்கையில கையெழுத்துப் போடறார் மேடம்" என்றாள் அவள். "அதுல ஒரு வரி இருக்கு. நைட்ரஜனுக்குப் பதிலா ஆக்சிஜன் சிலிண்டரைத் தவறுதலா மாட்டினது இறந்தவரோட சொந்தக் கவனக்குறைவுன்னு. எனக்கு அந்த ஒரு வரி போகணும். என் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல கேக்கறாங்க, உங்க அப்பா தன்னையே வெடிச்சுக்கிட்டாராமேன்னு."

நடந்தது இதுதான். கார் ஏசியில் எங்கே கசிகிறது என்று பார்க்க, பழைய கேஸை மெஷினால் உறிஞ்சிவிட்டு, குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி விட்டு, மீட்டர் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நைட்ரஜன் சாது. எதோடும் சேராது. ஆக்சிஜனை அப்படி விட்டால் கம்ப்ரசருக்குள் இருக்கிற எண்ணெயோடு சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அன்று காலை பதினோரு மணிக்கு அப்படித்தான் பற்றியது. அவர் பானெட்டுக்குள் குனிந்திருந்தார்.

ஆய்வாளர் சீல் வைத்த பொருள்கள் ஒரு மூலையில் இருந்தன. பார்க்கலாம், தொடலாம், எடுத்துப் போகக் கூடாது என்று அனுமதி வாங்கியிருந்தோம். பெயின்ட் உரிந்த ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று. பக்கத்தில் தரையில் கிடந்தது நைட்ரஜனுக்கான ரெகுலேட்டர். இரண்டிலும் கரி அப்பியிருந்தது. ரெகுலேட்டர் வெடித்த வேகத்தில் கழன்று விழுந்தது என்று அறிக்கை சொன்னது.

சர்வேயரம்மா கையுறையோடு ரெகுலேட்டரைத் தூக்கி, சிலிண்டர் வாயருகே பிடித்தார்.

"மாட்டு" என்றார் என்னிடம்.

முயன்றேன். சிலிண்டர் வாயில் மரை வெளிப்பக்கம் இருந்தது. ரெகுலேட்டர் நட்டிலும் மரை வெளிப்பக்கம் இருந்தது. இரண்டு போல்ட்டை ஒன்றுக்குள் ஒன்று எப்படி முடுக்குவது?

"மாட்ட முடியலை மேடம்."

"முடியாது. தவறுதலாக்கூட மாட்டக் கூடாதுன்னுதான் செஞ்சவன் இப்படி மரை வெட்டியிருக்கான். ஆய்வாளர் இதை மாட்டிப் பார்க்கலை. உக்காந்து எழுதியிருக்கார்." ரெகுலேட்டரைத் திருப்பிக் காட்டினார். "மொத்தமும் கரி. மரை மட்டும் பளபளன்னு இருக்கு, பார்த்தியா? சிலிண்டர் வாயிலயும் அதே மாதிரி. ஏன்?"

"வெடிச்சப்ப மரை மேல ஏதோ மூடியிருந்திருக்கு."

"ரெண்டு மரையையும் சேர்த்து. நடுவுல ஒரு இணைப்பு இருந்திருக்கு. ரெண்டு பக்கமும் உள்மரை வெட்டின ஒரு பித்தளைத் துண்டு. தீ அணைஞ்ச பிறகு, ஆய்வாளர் வர்றதுக்கு முன்னாடி யாரோ கழட்டிட்டாங்க."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் இரண்டாவது தடவையாகக் கழுத்தைத் துடைத்தார்.

"இணைப்பா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அன்னைக்கு ஊரே இங்க நின்னுச்சு."

"எங்க அப்பாதான் முதல்ல ஓடி வந்தார்" என்றாள் அவள். "அப்பாதான் தண்ணி ஊத்தி அணைச்சிருக்கார். ஆய்வாளர் மூணு மணிக்குத்தான் வந்தார். அதுவரைக்கும் அப்பா அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தார்."

சர்வேயரம்மா ரெகுலேட்டர் நட்டை இன்னும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "கழட்டினவன் வேலை தெரிஞ்சவன். இந்தப் பட்டறையில இருக்கிற ஒவ்வொரு நட்டையும் பாரு, பைப் ரெஞ்சு போட்டுக் கடிச்சுக் குதறி வெச்சிருக்காங்க. இதுல ஒரு கீறல் இல்ல."

அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. முதலாளிதான் கழட்டியிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குப் பிடிக்காதவர்கள் மேல் சந்தேகப்படுவது என் பழக்கம். நேரம் மிச்சம்.

"உங்க வீட்டுக்காரர் சிலிண்டரை எப்படி அடையாளம் பார்ப்பார்?" என்று அவளிடம் கேட்டார் சர்வேயரம்மா.

"கலரை நம்பவே மாட்டார். பெயின்ட் யார் வேணா அடிக்கலாம், மரை சேர்ந்தாத்தான் சரியான சிலிண்டர்னு சொல்வார். வீட்டுல குழாய் மாத்தறப்பகூட இதையேதான் சொல்லிக்கிட்டிருப்பார்." பேசிக்கொண்டே சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மூடியின் மேல் ஒரு சின்னப் பித்தளைப் பிடி இருந்தது. கரி போகப் போக அதைச் சுற்றி இரண்டு மெல்லிய கோடும், நடுவில் ஒரு புள்ளியும் தெரிந்தன.

"அழகா இருக்கே" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"பிடி உடைஞ்சு போச்சுன்னு அப்பா செஞ்சு குடுத்தார். அப்பா எது செஞ்சாலும் இந்தக் கோடும் புள்ளியும் இருக்கும்." அவள் முகத்தில் அன்று நான் பார்த்த ஒரே வெளிச்சம் அதுதான்.

வெளியே வந்ததும் சர்வேயரம்மா முதலாளியின் விசிட்டிங் கார்டை என்னிடம் நீட்டினார். கீழே சின்ன எழுத்தில் 'இரண்டு கிளைகள்' என்று போட்டிருந்தது.

"ஒரு கிளையில நைட்ரஜன் வாங்காம, வெல்டிங்குக்கு வெச்சிருக்கிற ஆக்சிஜனை மாட்டி மிச்சம் பிடிக்கிறவன், இன்னொரு கிளையில மட்டும் தாராளமாவா இருப்பான்? உன் கார்ல ஏசி வேலை செய்யுதா?"

"பட்டனை அழுத்தினா விளக்கு எரியும் மேடம்."

"போதும். வண்டியை எடு."

*

இரண்டாவது கிளை முதல் கிளையைவிட இருட்டு. ஏசி வேலைக்கென்று ஒரு ஷெட். பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கியது, அதன் மேல் விரலால் பெயர் எழுதலாம் என்கிற அளவுக்குத் தூசி. அங்கே இருந்த மெக்கானிக்குக் காதுவரை மீசை. நல்ல மனிதர். என் காரில் குழாய்களை மாட்டி மீட்டரைப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

"கேஸ் சுத்தமா இல்ல சார். எத்தனை வருஷமா இப்படி ஓட்டறீங்க?"

"மூணு."

"பொறுமைசாலி சார் நீங்க. எங்கயோ லீக்கு. நைட்ரஜன் விட்டுப் பார்த்துடலாம்."

ஒரு சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தார். உடம்பு முழுக்கத் துரு. அதன் வாயில் ஒரு பித்தளை இணைப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது போல. ரெகுலேட்டரை அதில் வைத்து இரண்டு விரலால் திருகினார். வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. அடுத்து வால்வைத் திறக்கக் கை கொண்டு போனார்.

சர்வேயரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நைட்ரஜன்னு யார் சொன்னா?"

"மரை சேருதேம்மா."

"எங்க கத்துக்கிட்டீங்க இதை?"

"ஏசிக்காரர்கிட்ட. அந்தக் கிளையில இருந்தாரே, பாவம், போயிட்டாரே. அவர்தான் எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவர்."

சர்வேயரம்மா ஒரு காய்ந்த துணியால் சிலிண்டரின் தோள்பட்டையைத் தேய்த்தார். துருவும் அழுக்கும் உதிர்ந்தன. உள்ளே என்ன வாயு என்று இரும்பிலேயே வெட்டி எழுதியிருந்தது. பெயின்ட் போனாலும் அது போகாது. மீசைக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது அவர் உதடு அசையவில்லை.

"ஆக்சிஜன்" என்றேன் நான். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் மட்டுமில்லை, நானும்தான்.

"மூணு வண்டிக்கு இதாலதான்மா பார்த்தேன்" என்றார் மீசைக்காரர்.

"மூணு தடவையும் உங்களுக்கு ஆயுசு கெட்டியா இருந்திருக்கு. இந்த இணைப்பு யார் மாட்டினது?"

அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "மாட்டியேதான் வந்துச்சு. முதலாளி அனுப்பினார். வாய் வேற மாதிரி இருக்கேன்னு கேட்டேன். புதுக் கம்பெனி நைட்ரஜன், வாய் அப்படித்தான் இருக்கும், இணைப்பை ஏசிக்காரரே செய்யச் சொல்லி வாங்கினார், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னார். நான் வாயை மூடிக்கிட்டேன்."

செத்தவர் மேல் ஒரு பழி போதாது என்று இரண்டாவதும் தயாராக இருக்கிறது. இந்த மீசைக்காரரை ஆய்வாளர் முன் நிறுத்தினால், அவள் புருஷன் கவனக்குறைவானவன் மட்டும் இல்லை, திட்டம் போட்டுத் தப்பு செய்தவன் என்றும் ஆகிவிடும்.

"இதைச் செய்யச் சொன்னது யாருன்னு செஞ்சவன்தான் சொல்லணும்" என்றார் சர்வேயரம்மா. "கழட்டிக் குடுங்க. அந்த சிலிண்டரை யாரையும் தொட விடாதீங்க."

மீசைக்காரர் கழட்டிக் கொடுத்தார். நான் வாங்கி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பினேன். அருமையான வேலை. விளிம்பெல்லாம் வழவழவென்று உருட்டி விட்டிருந்தது. நடுவில் சுற்றிலும் இரண்டு மெல்லிய கோடு. கோடுகளுக்கு நடுவே ஒரு புள்ளி.

சர்வேயரம்மா என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"மணி என்ன?"

"மூணேகால் மேடம்."

"அவ அப்பாவுக்கு என்ன தொழில்னு நாம கேக்கவே இல்ல பாரு."

*

அவள் அப்பாவின் லேத் பட்டறை, வெடித்த பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு ஆள். சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாக வரிசையாகத் தொங்கின. ஒன்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அந்த வரிசையைப் பார்த்ததும்தான் கீறல் விழாத அந்த நட்டு எனக்கு ஞாபகம் வந்தது. என் சந்தேகப் பழக்கத்தின் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

சர்வேயரம்மா பித்தளைத் துண்டை மேஜை மேல் வைத்தார். பெரியவர் மெஷினை நிறுத்தினார். துண்டைக் கையில் எடுக்கவில்லை.

"எத்தனை செஞ்சீங்க ஐயா?"

"ரெண்டு."

"யார் கேட்டது?"

"முதலாளி. அவரே நேர்ல வந்தார். உங்க மருமகன்தான் கேட்டான், அவனுக்கு வேலைக்கு வேணுமாம், நல்லா செஞ்சு குடுங்கன்னார். அளவு எடுக்க ரெண்டு பக்கத்து மாதிரியும் அவர்தான் கொண்டாந்தார். எதுக்குன்னு நான் கேக்கலை. மாப்பிள்ளைக்குன்னு சொன்னா எதுக்குக் கேக்கணும்? ஒரு நாள்ல முடிக்கிறதை மூணு நாள் வெச்சு செஞ்சேன்."

"மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை?"

"சொல்லலை. அவன் கையில கிடைக்கிறப்ப, கோட்டைப் பார்த்துட்டு மாமா வேலையான்னு வந்து கேப்பான்னு இருந்தேன்."

மேஜை இழுப்பறையைத் திறந்தார். துணியில் சுற்றின ஒரு பொருளை எடுத்துப் பிரித்தார். அதே மாதிரி இன்னொரு துண்டு. இது முழுக்கக் கரி.

"நீங்கதான் கழட்டினீங்களா?" என்றேன்.

"தண்ணி ஊத்திட்டுத் திரும்பறேன், சிலிண்டர் வாயில என் வேலை நிக்குது. மெஷினை விட்டுட்டு ஓடினப்ப இடுப்புல சொருகியிருந்த ஸ்பேனர் அப்படியே இருந்துச்சு. கழட்டிட்டேன். போலீசுக்கு பயந்து இல்லைம்மா. என்னை உள்ளே வெச்சா வெக்கட்டும். என் பொண்ணு கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதான்."

"இதைக் கழட்டினதாலதான் அவர் தவறுதலா மாட்டினார்னு எழுதியிருக்காங்க, தெரியுமா?"

"தெரியும்."

"பன்னிரண்டு நாளா அந்த ஒரு வரிக்காக உங்க பொண்ணு ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கறாங்க."

"தினமும் என்கிட்டதானே வந்து சொல்றா" என்றார் அவர். "நானும் கேட்டுக்கிட்டு, சாப்பிட்டுட்டுப் போம்மான்னு சொல்றேன்."

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. வாயில் ஏகப்பட்டது வந்தது. எதுவும் அவர் சுமந்துகொண்டிருந்ததைவிடக் கனமாக இல்லை, அதனால் விழுங்கிவிட்டேன்.

"நான் மட்டமா செஞ்சிருக்கணும்" என்றார் அவர், மெஷினைப் பார்த்துக்கொண்டே. "பிசிறு விட்டு, மரை தடுமாறற மாதிரி. அவன் ரெண்டு சுத்துலயே சந்தேகப்பட்டிருப்பான். இவ்வளவு நல்லா சேர்ந்ததாலதான் நம்பிட்டான்."

வாசலில் நிழல் விழுந்தது. அவள் நின்றிருந்தாள், கையில் அந்தச் சாப்பாட்டு டப்பாவோடு. "அப்பா, மத்தியானம் சாப்பிட வரலையே நீங்க, அதான் நானே எடுத்துக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், எங்களைப் பார்த்து நின்றாள். டப்பாவை மேஜை மேல் வைத்தாள்.

மேஜை மேல் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சுத்தமான துண்டு, கரியான துண்டு, டப்பா மூடியின் பிடி. மூன்றிலும் இரண்டு கோடு, ஒரு புள்ளி. அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரெகுலேட்டர் நட்டையும் பளபளத்த மரையையும் காலையில் அவளும் எங்களோடு நின்று பார்த்தவள்தான்.

கரியான துண்டின் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு சர்வேயரம்மாவிடம் கேட்டாள். "மாட்டறப்ப அவர் இந்தக் கோட்டைப் பார்த்திருப்பாரா மேடம்?"

இருபத்தாறு வருஷம் பொய்களைப் பிடித்த பெண்மணி அன்று ஒரு பொய்க்குத் தயாரானதை நான் பார்த்தேன். "அந்தப் பக்கம் சுவத்தைப் பார்த்து இருந்திருக்கலாம்மா. சொல்ல முடியாது."

"பார்த்திருப்பான்" என்றார் அவள் அப்பா. "மாமா செஞ்சது தப்பா இருக்காதுன்னுதான் வால்வைத் திறந்திருப்பான்."

அவள் அழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இதை அப்படியே அங்க வந்து சொல்லுங்க. அஞ்சு மணிக்கு ஆய்வாளர் கிளம்பிடுவார்."

காலையிலிருந்து வாய்க்கு வாய் அப்பா, அப்பா என்றவள். அந்த வார்த்தை இப்போது வரவில்லை என்பதை அவள் உட்பட நான்கு பேரும் கவனித்தோம்.

என் காரில் முன்சீட்டில் அவள் உட்கார்ந்தாள். பின்சீட்டில் சர்வேயரம்மாவும் அவள் அப்பாவும். அவர் மடியில் இரண்டு துண்டுகளையும் டப்பாவையும் வைத்துக்கொண்டிருந்தார். வெயில் கொளுத்தியது. ஏசி பட்டனை யாரும் தொடவில்லை.

நாலே முக்காலுக்கு அவர் ஆய்வாளர் முன்னால் நின்று, முதலாளி வந்தது, மாதிரி கொடுத்தது, மருமகன் பெயரைச் சொல்லிக் கேட்டது, தான் கழட்டி மறைத்தது, எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார். அறிக்கையோடு சேர்க்க மத்தியானமே அலுவலகத்துக்கு வந்திருந்த அந்த சிலிண்டரின் வாயில், ஆய்வாளர் கரியான துண்டைத் தானே மாட்டிப் பார்த்தார். பன்னிரண்டு நாள் தாமதமாக. பிறகு பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக எழுதினார். முதலாளியைக் கூட்டி வர ஆள் போனது. தடயத்தை மறைத்ததற்காக இவர் மீதும் தனியாக எழுதிக்கொண்டார்கள். மறுநாள் காலை வரச் சொன்னார்கள்.

அவள் அடித்த வரியையும் எழுதின வரியையும் இரண்டு தடவை படித்தாள். நகல் ஒன்று கேட்டு வாங்கி, நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். பெண்ணுக்குக் காட்டுவதற்காக இருக்கும்.

வெளியே படிக்கட்டில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். டப்பா அவர் கையில் அப்படியே இருந்தது, திறக்காமல். அவளிடம் நீட்டினார்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் அவள். "டப்பாவை நாளைக்கு யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க."

எங்கள் காருக்கு வரவில்லை. நடந்தே போனாள்.